மல்லி பூக்கும் முன்: மாடித்தோட்டத்து வாசனைத் தழைகளைச் சேமித்து வைப்பது எப்படி?

மாசி பாதியைத் தாண்டியதும் மாடித்தோட்டத்தில் கொத்தமல்லிதான் முதலில் சொல்லிவிடும். நடுத்தண்டு திடீரென ஒரு சாண் உயரும். அதில் வரும் புது இலைகள் அகலம் குறைந்து நூல் நூலாக மெலியும். அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும், எந்த உரம் போட்டாலும் பழைய அகன்ற இலை திரும்ப வராது. செடி பூக்க முடிவு செய்துவிட்டது. பங்குனி வெயில் வந்தால் வெந்தயக்கீரை கசந்து காய் பிடிக்கும். புதினா ஓரம் கருகும்.

ஆக, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரைக்குமான இந்த மூன்று வாரம் தமிழ்நாட்டுச் சமவெளியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மிக முக்கியமானது. குளிர்காலத்தில் தளதளவென்று வளர்ந்தது இன்னும் தொட்டியில் இருக்கிறது; காயவைக்கத் தோதான வறண்ட காற்றும் வந்துவிட்டது. இதே வேலையை ஐப்பசி மழைக்கு நடுவில் செய்யப் போனால் பாதி பூஞ்சணம் பிடித்துப் போகும்.

முதன்முறை தோட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் எல்லாத் தழையையும் ஒரே மாதிரி மொட்டைமாடி வெயிலில் பரப்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் மணமில்லாத சருகு மிஞ்சுகிறது. "வீட்டில் காயவைத்தால் சரியாக வராது" என்று அடுத்த வருஷம் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். காயவைக்கலாமா, உறையவைக்கலாமா, வதக்கித் தொக்காக்கலாமா என்பதை அந்தந்த இலைதான் தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

எந்த இலைக்கு எந்த வழி

காய்ந்தாலும் மணம் தங்கும் இலைகள்: புதினா, வெந்தயக்கீரை, துளசி. மணத்தைவிடச் சத்துக்காகவும் மருந்துக்காகவும் வைத்துக்கொள்ளும் முருங்கைக்கீரை, தூதுவளை, முடக்கத்தான் ஆகியவையும் நன்றாகக் காயும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் வளர்க்கும் ரோஸ்மேரி, தைம் இரண்டும் இந்த வரிசைதான். இலை சிறியது, தடித்தது, நீர் குறைவு என்பதால் காயவைக்க இவற்றைவிட எளிதான செடி கிடையாது.

காய்ந்தால் மணம் போய்விடும் இலை கொத்தமல்லி. தயவுசெய்து அதைக் காயவைக்காதீர்கள். பச்சை மல்லியின் வாசனை ஆல்டிஹைடு வகைப் பொருள்களில் இருக்கிறது. அவை சீக்கிரம் காற்றில் போய்விடும். மிஞ்சுவது பச்சை நிறத் தூள் மட்டும். கொத்தமல்லிக்கு ஃப்ரீசரும் தொக்கும்தான் வழி.

கறிவேப்பிலை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். காயவைத்தால் மணம் குறையும், ஆனால் பொடிக்குப் போதுமானது மிஞ்சும். தாளிக்க வேண்டுமென்றால் ஃப்ரீசர்.

ஓமவல்லியின் இலை தடித்தது, முழுக்கத் தண்ணீர். காயவைக்கப் போனால் உள்ளே அழுகும். அதைச் செடியாகவே காப்பாற்றிக்கொள்வது நல்லது. ஒரு தண்டை ஒடித்து வேறு தொட்டியில் நட்டால் தானாக வேர் பிடிக்கும் செடிக்குச் சேமிப்பு எதற்கு?

பறிப்பது

பறிக்கப் போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வேப்பெண்ணெய், பஞ்சகவ்யம், மீன் அமிலம் என எதையும் தெளிக்காமல் நிறுத்திவிடுங்கள். கழுவினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். இலை காய்ந்து பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அந்த வாடையும் கூடவே தங்கிவிடும்.

முந்தின நாள் மாலை பூவாளியால் செடி முழுக்க நன்றாகத் தண்ணீர் தெளித்துத் தூசியை இறக்கிவிடுங்கள். மறுநாள் காலை பனி ஈரம் உலர்ந்தபிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். எட்டரை ஒன்பது மணி சரியான நேரம். வெயில் ஏறியபின் இலை துவண்டு, மணமும் குறைந்திருக்கும்.

புதினா, துளசியில் மொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். பூப்பதற்குச் சற்று முன்தான் இலையில் எண்ணெய் செறிவாக இருக்கும். துளசியில் கதிர் வந்திருந்தால் கிள்ளிவிட்டு, பத்து நாள் கழித்துத் துளிர்த்த இலையைப் பறிக்கலாம்.

கழுவ வேண்டுமென்றால் அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் எடுத்து, தழையை அமுக்கி அலசி, மேலாக அள்ளி எடுங்கள். மண் அடியில் தங்கிவிடும். ஊறப் போடாதீர்கள். பிறகு பருத்தித் துண்டில் போட்டு மூட்டையாகப் பிடித்து, மாடியில் நின்று நாலு சுற்றுச் சுற்றி உதறினால் முக்கால்வாசி ஈரம் தெறித்துப் போகும். மிச்சம் மின்விசிறியில் போகட்டும். செய்தித்தாளில் பரப்புவது நம் வீடுகளில் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் செய்தித்தாளில் உணவுப் பொருளை வைக்க வேண்டாமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. பழைய வேட்டித் துணி போதும்.

நிழலில் காயவைப்பது: வெந்தயக்கீரையை வைத்துப் பழகலாம்

புதியவர்கள் வெந்தயக்கீரையில் தொடங்குவது நல்லது. கடையில் கசூரி மேத்தி என்று சின்னப் பெட்டியில் வருவது இந்த வகைக் கீரையைக் காயவைத்ததுதான். கசூர் என்பது இப்போது பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் ஊர். பேர் அங்கிருந்து வந்தது. நம் நாட்டில் ராஜஸ்தானின் நாகௌர் பக்கம் அதிகம் விளைகிறது. அந்தக் கசூரி வகைக்கு மணம் கூடுதல் என்றாலும், நம் அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தை விதைத்து வந்த கீரையும் காய்ந்தபின் அருமையாக மணக்கும். பச்சையில் இருக்கும் கசப்பு அடங்கி, மணம் மட்டும் மேலே வரும்.

இலையை மட்டும் ஆய்ந்துகொள்ளுங்கள். தண்டு இலையோடு சேர்ந்து காயாது. இலை சருகான பிறகும் தண்டில் ஈரம் இருக்கும், அந்த ஈரம் டப்பாவுக்குள் போய் எல்லாவற்றையும் கெடுக்கும். ஆய்ந்த இலையைக் கயிற்றுக் கட்டிலில் விரித்த மெல்லிய துணியின் மேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கட்டில் இல்லையென்றால் முறம், மூங்கில் தட்டு, கொசுவலைத் துணி கட்டிய சட்டம் எதுவும் சரி. கீழிருந்தும் காற்று வர வேண்டும், அவ்வளவுதான். சிமெண்ட் தரையில் பரப்பினால் மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் வியர்க்கும்.

இடம் நிழலாக இருக்க வேண்டும். வெயில் இரண்டு கெடுதல் செய்கிறது: பச்சை நிறத்தை வெளுக்கவைக்கிறது, மண எண்ணெயை விரட்டுகிறது. வீட்டுக்குள் ஜன்னலோரம், மாடிப்படிக்கு அடியில், அல்லது மின்விசிறியை மெதுவாக வைத்த அறையில் பரப்பலாம். ஏசி ஓடும் அறை இன்னும் நல்லது, அது காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இரண்டே நாளில் காய்வது உங்களுக்கு நாலு நாள் எடுக்கலாம்.

பொழுது சாய்ந்ததும் வெளியே இருப்பதை உள்ளே எடுத்துவிட வேண்டும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பகல் முழுக்கக் காய்ந்த இலை ஒரே ராத்திரிப் பனியில் மறுபடி துவண்டுவிடும்.

தினமும் இரண்டு தடவை கையால் லேசாகப் புரட்டிவிடுங்கள். மூன்றாம் நாள் ஓர் இலையை எடுத்து விரல்களுக்கு நடுவில் அழுத்துங்கள். வளைந்தால் இன்னும் வேண்டும். சத்தத்தோடு நொறுங்கினால் முடிந்தது. கடைசி ஈரத்தை எடுக்க ஒரு வழி இருக்கிறது: இரும்புக் கடாயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கைவைத்துத் தாங்கும் அளவுக்குச் சூடு தணிந்தபின் இலையைப் போட்டு அரை நிமிஷம் பிரட்டி எடுக்க வேண்டும். அடுப்பு எரியும்போது போடக் கூடாது. கருகிய மணம் ஏறினால் இறங்காது.

இதோடு விட்டுவிடாதீர்கள். காய்ந்ததாகத் தெரிவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் பாட்டிலின் உள்பக்கத்தில் பனி படர்ந்தது போல மங்கலாக இருந்தால் இலைக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கொட்டி மறுபடி பரப்புங்கள். தெளிவாக இருந்தால் பயமில்லாமல் வைக்கலாம். இந்த ஒரு நாள் சோதனையைச் செய்கிறவர் டப்பாவில் பூஞ்சணம் வருவது மிக அரிது.

ஒரு கிலோ கீரை காய்ந்தபின் நூறு, நூற்றைம்பது கிராம்தான் தேறும். குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். மணமும் அதற்கேற்பச் செறிந்திருக்கும். பச்சை இலை மூன்று பங்கு போடும் இடத்தில் காய்ந்தது ஒரு பங்கு போதும்.

புதினாவும் இதே வழிதான், ஒரு வசதி கூடுதல். தண்டோடு பறித்து, பத்துத் தண்டை ஒரு கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடலாம். நூலால் கட்டாமல் ரப்பர் பேண்டு போடுங்கள். தண்டு காய்ந்து மெலியும்போது நூல் தளர்ந்து கொத்து விழுந்துவிடும், ரப்பர் பேண்டு கூடவே சுருங்கும். காய்ந்ததும் தண்டை ஒரு கையால் பிடித்து மேலிருந்து கீழே உருவினால் இலை முழுக்க உதிர்ந்துவிடும். புதினா இலை கசங்கினால் கறுக்கும், அதனால் பறிக்கும்போதே மென்மையாகக் கையாளுங்கள்.

தூதுவளை ஆயும்போது இலையின் பின்பக்க நரம்பிலும் சிறு முள் இருக்கும். கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்து, காய்ந்தபின் அரைத்துக் கண்டிப்பாகச் சலியுங்கள். முருங்கைக்கீரையைக் கொப்புக் கொப்பாக ஒரு துணியில் இரவு முழுக்கச் சுற்றி வைத்தால் காலையில் உதறியதும் இலை தானே கொட்டும். உட்கார்ந்து ஆய வேண்டியதில்லை.

கொத்தமல்லி: குளிரும் தொக்கும்

இரண்டு வாரம் மட்டும் தாங்கினால் போதுமென்றால் வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேர் மட்டும் நனையும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே பாலிதீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றவும்.

மாதக்கணக்கில் வேண்டுமென்றால் ஐஸ் ட்ரே. கழுவி ஈரம் போக்கிய மல்லியைப் பொடியாக நறுக்கி, குழிகளில் அமுக்கி நிரப்பி, இலை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். உறைந்ததும் கட்டிகளைப் பைக்கு மாற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, கட்டிவிடுங்கள். ரசத்துக்கு ஒரு கட்டி, சாம்பாருக்கு இரண்டு. உருகியபின் இலை துவண்டிருக்கும் என்பதால் மேலே தூவ உதவாது. கொதிக்கும் குழம்பில் போட்டால் வித்தியாசமே தெரியாது.

என் விருப்பம் சட்னிக் கட்டி. மல்லி, புதினா, பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துத் தண்ணீர் குறைவாக அரைத்து ட்ரேயில் ஊற்றிவிடுவது. எலுமிச்சையும் எண்ணெயும் பச்சை நிறத்தை ஓரளவு காக்கும். தேங்காயைச் சேர்க்காமல் வையுங்கள்; வேண்டும்போது புதிதாக அரைத்துக் கலந்தால் அன்றைக்கு அரைத்த சட்னி போலவே இருக்கும். மின்வெட்டில் கட்டி முழுக்க உருகி, குளிர்ச்சியும் விட்டுப் போயிருந்தால் மறுபடி உறையவைக்காதீர்கள்.

ஃப்ரீசரில் இடமில்லாத வீட்டுக்குத் தொக்கு. ஈரம் சுத்தமாகப் போன மல்லி இரண்டு பெரிய கட்டு, வறுத்த காய்ந்த மிளகாய் எட்டு, எலுமிச்சையளவு புளி, கல் உப்பு. முதலில் மிளகாய், உப்பு, புளியைக் கொரகொரப்பாக அரைத்து, பிறகு மல்லியைச் சேர்த்து, தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். புளி கெட்டியாக இருந்தால் வெந்நீரை ஒரு கரண்டி மட்டும் தெளித்து ஊறவைக்கலாம். கடாயில் ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம் தாளித்து விழுதைப் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் எண்ணெயை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும். பயந்து அடுப்பை அணைக்க வேண்டாம். நிறம் கரும்பச்சையாகி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து வரும்போது ஒரு துண்டு வெல்லம் போட்டு இறக்குங்கள். ஆறியபின் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் கவலையில்லை. ஈரக் கரண்டி போடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

எண்ணெயில் ஊறவைப்பது: ஓர் எச்சரிக்கை

பச்சை இலையையும் பூண்டையும் ஆலிவ் எண்ணெயில் போட்டு அழகான பாட்டிலில் அலமாரியில் வைக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. அதைச் செய்யாதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று போகாது. இலையிலும் பூண்டிலும் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்கு இந்த மூன்றும் பிடித்த சூழல். அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கவைக்கும், உயிரையே எடுக்கும். நிறமோ வாடையோ மாறாது என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. எண்ணெயில் பச்சை இலை வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள், அல்லது உறையவையுங்கள். நம் ஊறுகாயும் தொக்கும் கெடாமல் தாக்குப்பிடிப்பதற்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை. புளிப்பும் உப்பும் நெருப்பும் சேர்ந்து காக்கின்றன. அதனால் தொக்கில் புளியைக் குறைத்து "லைட்டாக" செய்ய வேண்டாம்.

கறிவேப்பிலை

கறிவேப்பிலைக்குப் பருவம் முடிவதில்லை. ஆனால் குளிர் விலகும் இந்த நேரத்தில் நுனிகளைக் கவாத்து செய்தால் பக்கக் கிளைகள் அடர்ந்து வரும், அதனால் ஒரே நாளில் கூடை நிறைய இலை சேர்ந்துவிடும். இணுக்கு இணுக்காகக் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி, பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். எடுக்கும்போது வெளியே வைத்து உருகவிடாமல் நேராக எண்ணெயில் போட வேண்டும். உருகவிட்டால் கறுத்துவிடும். தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

மிச்சத்தை நிழலில் காயவைத்துப் பொடியாக்குங்கள். அழுத்தி அளந்த இரண்டு கப் காய்ந்த இலைக்குக் கால் கப் உளுத்தம்பருப்பு, இரண்டு ஸ்பூன் கடலைப்பருப்பு, ஆறேழு மிளகாய், நெல்லிக்காயளவு புளி, பெருங்காயம், உப்பு. பருப்பையும் மிளகாயையும் தனியாக வறுத்து, இலையைக் கடைசியில் வெறும் சூட்டில் பிரட்டி, ஆறவிட்டு அரைக்கவும்.

காய்க்கு வெயில்

இலைக்கு நிழல் என்றால் காய்க்கு நல்ல வெயில் வேண்டும். தொட்டியில் மணத்தக்காளி இருந்தால் கறுப்பதற்கு முன், பச்சைக் காயாகப் பறித்து, ஒவ்வொன்றையும் லேசாக நசுக்கி, உப்புப் போட்ட புளித்த கெட்டி மோரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பகலில் எடுத்து வெயிலில் காயவைத்து, ராத்திரி அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுக்க உறிஞ்சப்பட்டதும் கல்லு மாதிரி ஆகும்வரை காய விட வேண்டும். வத்தக்குழம்புக்கு ஒரு வருஷத்துக்கு ஆகும்.

பாட்டிலும் பூச்சியும்

காய்ந்த இலையை முழுதாகவே வைத்துக்கொண்டு சமைக்கும்போது கசக்கிப் போடுங்கள். பொடித்து வைத்தால் மணம் சீக்கிரம் போகும். கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, இருட்டான அலமாரி. அடுப்புக்கு மேலே இருக்கும் பலகை ஆகாது, அங்கே சூடும் ஆவியும் ஏறும். மூடியில் மாதத்தை எழுதி ஒட்டுங்கள். அடுத்த மாசி வரை வைத்துக்கொள்ளலாம். கசக்கிப் பார்த்து மணம் வரவில்லையென்றால் செடிக்கு உரமாகப் போட்டுவிடுங்கள்.

காய்ந்த தழையிலும் மல்லி விதையிலும் பழுப்பு நிறச் சிறு வண்டு வரும். புதிதாகக் காயவைத்ததைப் பையில் கட்டி நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் உள்ளே ஈரம் படியாது.

விட்டுவைக்க வேண்டியவை

எல்லா மல்லியையும் பிடுங்கிவிடாமல் இரண்டு தொட்டியை அப்படியே விடுங்கள். பூக்கட்டும். வெள்ளைப் பூவுக்குத் தேனீக்கள் வரும், பக்கத்துத் தொட்டிக் காய்களுக்கும் அது நல்லது. பிஞ்சு பச்சையாக இருக்கும்போது கொஞ்சம் பறித்துச் சட்னியில் அரைத்துப் பாருங்கள். இலையின் மணமும் தனியாவின் மணமும் ஒரே கடியில் கிடைக்கும். அதைக் கடையில் வாங்க முடியாது. மிச்சம் முக்கால்வாசி பழுத்து நிறம் மாறியதும் செடியோடு அறுத்து, காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டால் விதை பையிலேயே உதிரும். விளாத்திகுளம், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரி மல்லியும் ஐப்பசி மழைக்கு விதைத்து, இதோ இந்தத் தை, மாசியில்தான் அறுவடையாகிறது. உங்கள் தொட்டியும் அதே கணக்கில் ஓடுகிறது.

விதைக்கென்று ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து, காய்ந்த வேப்பிலையோடு துணியில் கட்டி வையுங்கள். ஐப்பசியில் விதைக்கும் முன் உள்ளங்கையால் தரையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். ஓர் உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது.

புதினாவை மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு ஒட்ட நறுக்கி, தொட்டியைப் பெரிய செடியின் நிழலுக்கு நகர்த்துங்கள். மேலே காய்ந்த இலைச் சருகை மூடாக்காகப் போட்டு, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுங்கள். மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டில் உயிர் இருக்கும். அக்னி நட்சத்திரம் முடிந்து முதல் மழை விழும்வரை தொட்டியைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.